மைக் நின்ற ஞாயிற்றுக்கிழமை

மார்ச் 3

அண்ணனுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி. போனைத்தான் நிறுத்திவிட்டார்களே, தபாலில் போட்டாலும் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள். அதனால் லாரி ஓட்டும் நம் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாட்டை ஆளும் பெரியவர் தேர்தலில் தோற்றுவிட்டார். ஓட்டு எண்ணியவர்களுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் முடிவை அறிவிக்க மாட்டேன் என்கிறார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் அவர். இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இங்கே தலைநகரில் பெரிய மைதானத்தில் எங்கள் கட்சிக் கூட்டம். என்னைத் தலைவியாக உட்கார வைத்த பிறகு இவ்வளவு பெரிய கூட்டம் இதுதான் முதல். கடைசியாக நான் பேசுகிறேன்.

இந்த ஊரில் ஒரு மைக் செட்காரரும் எங்களுக்கு வர மாட்டேன் என்கிறார். மிரட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "வக்கீலம்மா, உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மைக்கு மட்டும் கேக்காதீங்க, எனக்கும் குடும்பம் இருக்கு." அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, ஒலிபெருக்கிக் குழாய்கள், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வா. பெரியவர் மேடைக்கு மைக் வைத்தவன் என்று இத்தனை வருஷம் உன்னோடு பேசாதவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாள் என்பாய். இருக்கிறது ஒரு முகம்தானே.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. போன வாரம் எங்கள் ஆட்களே பஸ்ஸைக் கொளுத்தினார்கள். எங்கள் கட்சி மூத்தவர்கள் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பேச்சில் வரிக்கு வரி ரத்தம். நான் பேச நினைப்பது வேறு. கல்லைத் தொடாதீர்கள், ஓட்டு எண்ணும் அலுவலக வாசலில் போய்ச் சும்மா உட்காருங்கள், அடித்தாலும் உட்காருங்கள் என்று சொல்லப் போகிறேன். நாம் ஜெயித்தால் தோற்றவர்களும் இதே மைதானத்துக்கு வந்து இதே மைக்கில் நம்மைத் திட்டலாம் என்று சொல்லப் போகிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் அப்போது பெரியவர் இல்லை, மீசை கறுத்த ஒரு பேச்சாளர். வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவர்களைக் காட்டி, "அவங்க கடையில விளக்கு எரியுது, உங்க வீட்டுல அடுப்பு எரியலையே" என்று ஆரம்பித்தார். போகப் போகப் பேச்சு எங்கே போகிறது என்று எனக்கே புரிந்தது. ஸ்விட்சில் கை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் தையல்காரர் தெரு எரிந்துவிட்டது. எனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவரும் அவர் மனைவியும் கடைக்குள்ளேயே கருகிப் போய்விட்டார்கள்.

வருவாயா?

வேறு வழியில்லாமலும், வேறு வழி இருந்திருந்தாலும்,
உன் தங்கை


மார்ச் 7

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் போனேன், உன் அண்ணி பிடுங்கிக்கொண்டாள்.

நாடே உன்னை வக்கீலம்மா என்கிறது. உன்னைப் பொறுத்தவரை நான் பெரியவரின் மைக்காரன். அப்பா செத்த துக்கம் ஆறுவதற்குள் அவர்கள் மேடைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன் என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாயே, அந்த வாசல் அப்படியேதான் இருக்கிறது. ஆமாம், போனேன். நேற்று இவர், இன்று அவர், நாளைக்கு இன்னொருவர். நம் பெட்டிக்குக் கட்சி கிடையாது. தூரத்தில் நிற்பவனுக்கும் கேட்கும்படி செய்வதுதான் நம் வேலை, என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது இல்லை.

நீ பேச நினைப்பதில் ஒன்று எழுதியிருக்கிறாய், தோற்றவர்களும் இதே மைக்கில் நம்மைத் திட்டலாம் என்று. அதைச் சட்டப் புத்தகத்திலா படித்தாய்? முதல் நாள் ஒரு கட்சிக்குக் கட்டிய வயரை அவிழ்க்காமல் அதிலேயே மறுநாள் எதிர்க்கட்சிக்காரனைப் பேசவிட்டவர் அப்பா. இரண்டு தரப்பும் அவரைத் திட்டும். அவர் பாட்டுக்குக் கொடிக்கம்பத்தை மாற்றி நட்டுவிட்டு வயரை இழுப்பார். அந்த வயரை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ.

எனக்கு ஆறாதது வேறு. போன வருஷம் ஏதோ ஊர்க் கூட்டத்தில் பேசினாயாமே, "என் அப்பா ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தெரு எரிந்தது" என்று. கைதட்டல் நிற்கவே இல்லையாம். பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பேசுபவன் முகத்தைப் பார்க்காதே, ஆம்ப்ளிஃபையர் ஊசியைப் பார், ஊசி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்பது தொழில். கைதட்டியவர்களுக்கு அது எங்கே தெரியும்? அப்பாவைக் கோழை என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். மறுநாளிலிருந்து பேப்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தீக்குப் பிறகு அப்பா தையல்காரர் தெரு வழியாகக் கடைக்குப் போனதே இல்லை. சந்தையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். கால் வீங்கிப்போன கடைசி வருஷத்திலும் அப்படித்தான். நீ விடுதியில் தங்கிப் படித்தாய், உனக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வருகிறேன். இரண்டு நிபந்தனை. அப்பாவை மேடையில் ஏற்றாதே. இன்னொன்று, என் பெட்டி இருக்கிற இடத்தில் யார் என்ன பேசினாலும் பாதியில் மைக்கை நிறுத்த மாட்டேன். உனக்கானாலும் சரி, உன் எதிரிக்கானாலும் சரி.

கோபம் தீராமலே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்
அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

அவர் சுற்றிப் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியைப் பேசியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பேசியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. கைதட்டல் அப்படிப்பட்டது. ஒரு தடவை வாங்கிவிட்டால் பெற்றவரையும் விற்கச் சொல்லும்.

முதல் நிபந்தனைக்குச் சரி. அப்பா மேடைக்கு வர மாட்டார்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு முன்னால் தாடி பேசுகிறான். எங்கள் இளைஞர் அணிக்காரன். அவனுடைய பெயரை யாரும் சொல்வதில்லை, தாடி என்றால்தான் தெரியும். கெட்டவன் இல்லை. அவன் கூடப் பிறந்தவன் போன மாதம் போலீஸ் அடியில் செத்தான். மைதானம் முழுக்க அவனுக்காகத்தான் வரும், எனக்காக இல்லை. எண்ணும் அலுவலகத்தைக் கொளுத்தச் சொல்லப் போகிறான் என்று காற்று வாக்கில் காதுக்கு வருகிறது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, நீங்க உக்காரச் சொல்லுங்க, நான் எழுந்திரிக்கச் சொல்றேன். எது ஜனத்துக்குப் பிடிக்குதுன்னு பாப்போம். அதுதான ஜனநாயகம்?"

நீதிமன்றத்தில் யார் யாரையோ மடக்கியிருக்கிறேன், இவன் என்னை மடக்கிவிட்டான்.

பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிடலாம் என்று நிர்வாகிகளிடம் சொன்னேன். அவனை எடுத்தால் நீயும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அலுவலகத்துக்குள் இரவும் பகலும் அறுபது எழுபது குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள், வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் இன்னொரு தையல்காரர் தெரு.

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மேடையில் இடது ஓரத்து நாற்காலியில் இருப்பேன். அவன் எல்லை தாண்டினால் எழுந்து நிற்பேன். நான் நின்றால் மைக்கை நிறுத்திவிடு. ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் பேசலாம் என்று பேசப் போகிறவள் இதைக் கேட்கிறாளே என்று சிரிக்காதே. எட்டாம் வகுப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டவர் இப்போது இல்லை. நீயும் பிடித்துக்கொள்ளாதே.

உன் தங்கை, மைக்காரர் மகள்


மார்ச் 14

தங்கச்சிக்கு,

முடியாது.

ஏன் என்று கேள். நீ பிறப்பதற்கு முன்னால், எனக்கு ஐந்து ஆறு வயசு இருக்கும், ஒரு கூட்டத்தில் ஃப்யூஸ் போய்விட்டது. யாரும் நிறுத்தவில்லை, தானாகப் போனது. பேச்சாளர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எதிராளிதான் வயரைப் பிடுங்கிவிட்டான் என்று பின்னால் ஒருவன் கத்தினான். அப்பா ஃப்யூஸ் போட்டு முடிப்பதற்குள் பக்கத்துத் தெருவில் கடைகள் நொறுங்கிவிட்டன. "பேச்சு நின்னா கூட்டம் நிக்காதுடா" என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்வார். உன் மணிக்கட்டை அவர் பிடித்தது அதனால்தான். சரியோ தப்போ, பயந்துதான் பிடித்தார், பெரியவருக்குப் பயந்து இல்லை. அவரிடம் நீயும் கேட்கவில்லை, அவரும் உனக்குச் சொல்லவில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் மைக் முன்னால்தான் வாய் வரும்.

தெரு எரிந்த அன்றைக்கு நான் கடைசிக் குழாய் கட்டிய கம்பத்தடியில் நின்றேன். அங்கே பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. கூட்டம் ஓடியபோது ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாமலே நானும் கொஞ்ச தூரம் ஓடினேன். அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

தாடியை நீ பேச்சால் மடக்கு. அவனுக்குப் பிறகுதானே பேசுகிறாய், பேச்சுக்குப் பேச்சு. வியாழக்கிழமை கிளம்புகிறேன். அம்மாவிடம் எங்கே போகிறேன் என்று சொன்னேன். "குழாயெல்லாம் நல்லா இருக்கா பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

அண்ணன்


மார்ச் 24

தங்கச்சிக்கு,

போலீஸ் உன்னைப் பிடித்துக்கொண்டு போனதை ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் கேள்விப்பட்டேன். இதை உன் ஜூனியர் வக்கீல் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ மேடையிலிருந்து பார்த்தது உனக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். தாடி பேசப் பேச ஊசி சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. குறைத்தேன், இன்னும் கத்தினான். எண்ணும் அலுவலகத்தைக் கை காட்டி, "அங்க என் தம்பி ஓட்டு இருக்கு, செத்தவன் ஓட்டையும் திருடிட்டாங்க" என்றான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் நெருப்புக்கு வந்தான். நான் செய்யக் கூடாததைச் செய்தேன், ஊசியை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தேன். நீ நின்றுகொண்டிருந்தாய். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்ன வயசில் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயே, அதே முகம். முடியாது என்று எழுதியவன் நான்தான். கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விட்டது. நிறுத்திவிட்டேன்.

அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. "போலீஸு கரண்ட புடுங்கிட்டான்" என்று யாரோ கத்தினார்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு கூட்டம் ஓடியது. அங்கே காவலுக்கு நின்றது ஒரே ஒரு கான்ஸ்டபிள். ஓடியவர்களின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மறுபடி போடலாம் என்றால் ஸ்விட்சு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாகத் தொடும் ஸ்விட்சு.

போட்ட பிறகு முதலில் கேட்டது உன் குரல்தான். "மைக்க நிறுத்தினது போலீஸ் இல்ல. நான்." பக்கத்தில் நின்ற உன் பொருளாளர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவங்க மைக்கையும் நிறுத்துய்யா, கட்சியே போச்சு." நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு ஒரு துரோகம் போதும்.

அதற்குப் பிறகு நீ பேசியதை எனக்கு நீயே எழுது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது, ஊசியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கட்சிக்காரர்கள் நான் பெரியவர் அனுப்பிய ஆள் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், பெரியவர் மேடையும் ஓரத்தில் நானும். போலீஸ்காரர்களோ நீதான் நிறுத்தச் சொன்னாய் என்று எழுதிக் கொடு என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சாப்பிடுகிறாயா?

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். சிறை என்று சொல்ல முடியாது. மைதானத்துக்குப் பின்னால் ஒரு பழைய அரசு விருந்தினர் மாளிகை, மேல்மாடியில் ஓர் அறை. ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். வாசலில் இருக்கும் பெண் போலீஸ் பேசக் கூடாது என்று உத்தரவாம், அதனால் இருமிக் காட்டுகிறாள்.

போலீஸ் கேட்பதை எழுதிக் கொடுத்துவிடு. அது உண்மைதானே. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நானே சொல்லிவிட்டேன். நீ மறைக்க ஒன்றும் இல்லை. ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் என்று நீ உள்ளே போகாதே, அண்ணி என்னை உயிரோடு விட மாட்டாள்.

என்ன பேசினேன் என்று கேட்டாய். எழுதி வைத்திருந்த பேச்சு நாற்காலியிலேயே கிடந்தது. நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன். "இவர் பேசினது எனக்குப் பயமா இருந்துச்சு. பயத்துல இவர் வாயை அடைச்சேன். பெரியவரும் பயந்துதான் உங்க வாயை அடைக்கிறார். இந்த நிமிஷம் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. நாளைக்கு நாற்காலியில நான் உக்காந்தா இதையேதான் செய்வேன்னு நீங்க நினைச்சா அது நியாயம். இந்தாங்க மைக்கு, அவர் மிச்சத்தையும் பேசட்டும். அவர் பேசி முடிச்சதும் நான் பேசறேன். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் பேசுங்க. கல்ல மட்டும் கீழ போடுங்க. கல்லெறிஞ்சா மறுபேச்சுக்கு இடமில்ல." சமாதானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், கடைசியில் இவ்வளவுதான் வந்தது.

மைக்கைத் தாடியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தம்பி செத்ததற்கு அவன் அழுததை அது வரை யாரும் பார்த்ததில்லை. முன்வரிசை உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசை உட்கார்ந்தது. எண்ணும் அலுவலகம் எரியவில்லை. கட்சி அன்று சாயங்காலமே என்னைத் தலைமையிலிருந்து நீக்கிவிட்டது, அதற்கு அப்புறம்தான் போலீஸ் வந்தது. நீக்கிய தலைவியைப் பிடித்துப் போக யாரும் தடுக்கவில்லை.

அண்ணா, நான் பேசுவதற்கு முன்னால் ஓடினவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அந்தக் கான்ஸ்டபிளை என்ன செய்தார்கள் என்று இருமுகிறவள் நேற்றுச் சொன்னாள். இன்னும் கண் திறக்கவில்லையாம். அவர் மனைவி கர்ப்பிணி. தாடியைப் பேசவிட்டிருந்தால் அறுபது குமாஸ்தாக்கள் போயிருப்பார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். போயிருப்பார்களா? உறுதியாக யார் சொல்வது? நடக்காததைக் காட்டி நடந்ததை நியாயப்படுத்துவது என் தொழில், அது இப்போது எனக்கே பலிக்கவில்லை. அப்பா இத்தனை வருஷம் சந்தையைச் சுற்றிப் போனது ஏன் என்று இந்த அறையில்தான் புரிகிறது. எனக்குச் சுற்றிப் போக ஒரு தெருகூட இல்லை.

உன் தங்கை


ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

இதை வேறு யார் மூலமாவது நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். கான்ஸ்டபிள் வெள்ளிக்கிழமை போய்விட்டார். மாமா அந்தக் கான்ஸ்டபிளின் ஊர் வழியாகத்தான் சரக்கு ஏற்றுகிறார். மாமாவோடு போய் அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தேன். யார் என்று கேட்டார்கள், மைக் செட்காரன் என்றேன். வேலையாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்றைக்கு ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள் என்றார்கள். வந்துவிட்டேன்.

நேற்றுத் தாடி நம் கடைக்கு வந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று உன் அண்ணி உலக்கையைத் தேடினாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "பதினொன்னாந்தேதி அதே மைதானத்துல கூட்டம். உங்க மைக்குதான் வேணும்" என்றான்.

"உன் மைக்க நிறுத்தினவன் நான்தான். தெரியும்ல?"

"தெரியும். ஒரு தடவ நிறுத்திப் பாத்தவரு மறுபடி நிறுத்த மாட்டாரு. மத்தவங்கள நம்ப முடியாது."

என்ன பேசப் போகிறாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அது வேறு தொழில். சரி என்று சொல்லி அனுப்பினேன். இந்தத் தடவை எழுந்து நிற்க நீயும் இல்லை. கான்ஸ்டபிள் செத்த பிறகு இரண்டு பக்கமும் வெறி ஏறிக் கிடக்கிறது. துப்பாக்கியோடு வருவார்கள் என்கிறார்கள்.

அம்மா நானும் வருகிறேன் என்கிறாள். அந்தத் தீக்குப் பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "உங்கப்பன் வாயையும் பொத்துனீங்க, அவ வாயையும் பொத்திட்டாங்க. என் காத பொத்தாத" என்கிறாள். யார் அப்பா வாயைப் பொத்தியது என்று கேட்டால் சேலையை மடித்துப் பையில் வைக்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 11, மாலை

அண்ணனுக்கு,

பலகை அடித்த ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க நின்றேன். நீ குழாய் சோதித்தபோதே உன் குரல் தெரிந்துவிட்டது. தாடி பேசியதும் கேட்டது. காற்று அடித்தால் இந்தப் பக்கம் வருகிறது, இல்லாவிட்டால் பாதி வரியில் போய்விடுகிறது. கான்ஸ்டபிள் என்றான், தம்பி என்றான், அதற்குமேல் புரியவில்லை. கத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

மறுபடி யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது ஓடுவார்கள், இப்போது வெடிப்பார்கள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. இருமுகிறவளும் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று கேட்டாள். அவளுக்கும் அங்கே வேலையில் ஆள் இருக்கிறது, தம்பியோ புருஷனோ. இவ்வளவு பெரிய கூட்டம் எப்படி இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருக்க முடியும்? எல்லோரும் போய்விட்டார்களா? அம்மா எங்கே? நீ எங்கே?

இதைக் கொண்டு போக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஒரு வரியாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் படி.

யாரும் மைக்கை நிறுத்தவில்லை. தாடி பேசி முடித்துவிட்டான், அவ்வளவுதான். கான்ஸ்டபிளை அடித்தவர்கள் யார் என்று தனக்குத் தெரியும், அவர்கள் இந்த மைதானத்தில்தான் இருக்கிறார்கள், தான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை, ஆனால் அவர்களோடு சேர்ந்து நடக்கப் போவதுமில்லை என்றான். பாதிப் பேர் அவனைத் திட்டினார்கள். நீ செய்தது மாதிரியே மைக்கை நீட்டி, "வேற யாரு பேசறீங்க? அக்கா சொன்ன மாதிரி யார் வேணும்னாலும் வாங்க" என்றான். ஒருவரும் வரவில்லை. தெருமுனையில் போலீஸ் வண்டி வரிசையாக நிற்கிறது, கூட்டத்தில் நிறையக் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கையில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா எழுந்து போனாள். பெட்டியை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓட முடியாமல் நின்றுவிட்டேன். மைக்காரர் பெண்டாட்டி, ஆனால் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. தாடி கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வெறும் வாயாலேயே பேசினாள். அதனால்தான் உனக்குக் கேட்கவில்லை. கூட்டமும் அவள் குரலுக்காகத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. முன்னால் இருப்பவர்கள் கேட்டுப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொன்னார்கள். அப்படியே வரிசை வரிசையாக அது கடைசி வரைக்கும் போனது.

அப்பாவை மேடையில் ஏற்றாதே என்ற நிபந்தனையை உனக்குத்தான் போட்டேன், அவளுக்குப் போடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் புருஷன் மைக்குக்காரர். அன்னைக்கு அவர் மைக்க நிறுத்தல, ஒரு தெரு எரிஞ்சுது. என் பொண்ணு போன மாசம் நிறுத்தச் சொன்னா, ஒரு பையன் செத்துட்டான். நிறுத்துனது தப்பா, நிறுத்தாதது தப்பான்னு எங்க வீட்டுல இருவத்தஞ்சு வருஷமா சண்ட. அவர் அதுலயே செத்தாரு. அவ அதுலயே உள்ள போயிட்டா. எனக்குப் படிப்பு கெடையாது. நான் ஒன்னே ஒன்னு கேக்கறேன். ரெண்டு தடவையும் ஓடினது யாரு?"

கேட்டுவிட்டு முன்வரிசையில் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்வி கடைசிக் குழாய்க் கம்பம் வரைக்கும் போய்ச் சேர நேரம் பிடித்தது. அது போகப் போகத் தலைகள் குனிவதைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நானும் அன்றைக்கு அப்படி ஒரு கம்பத்தடியிலிருந்து ஓடியவன்தான், நானும் குனிந்துகொண்டேன்.

யாரும் கைதட்டவில்லை. முதலில் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். எண்ணும் அலுவலகத்துக்கு நடந்து போய் அதன் வாசலில் உட்கார்ந்தார்கள். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்ணன்